சீ லைசென்ஸ் வாய்மொழித் தேர்வு: கிண்ணத்தை எண்ணாதீங்கோ

உதைபந்தாட்டப் பயிற்றுநருக்கான சீ லைசென்ஸ் தேர்வு ரிசல்ட் வந்துவிட்டது. பாஸ். அதிலும் வாய்மொழியில்தான் ஆகக் கூடப் புள்ளி. "உவன் வாய் திறக்கமாட்டான், உவனுக்கு என்ன கோச்சிங்" என்று மைதானத்து மதிலில் இருந்து கதைத்தவர்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். அவர்கள் இதை வாசித்தாலும் சந்தோசம், வாசிக்காவிட்டாலும் சந்தோசம். அடுத்த முறை போகிற தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும்தான் எழுதுகிறேன். பாடநெறி எப்படி நடக்கும், லொக்புக் (பயிற்சிப் பதிவேடு) எப்படி நிரப்புவது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அதை விடுவம்.

எங்களுக்கு வந்த வாய்மொழித் தலைப்பு: இரண்டு தலைமைப் பயிற்றுநர்களை ஒப்பிட்டு, ஒருவர் ஏன் வெற்றி பெற்றார் என்று விளக்குங்கள். இரவில் ஐரோப்பிய ஆட்டம் பார்த்துப் பழகிய பெடியளுக்கு இது அல்வா மாதிரித் தெரியும். எனக்கு முன்னுக்குப் போனவர்கள் எல்லோரும் ஐரோப்பாவின் பேர்போன கோச்மாரின் கிண்ணக் கணக்கோடு போனார்கள். பெர்குசன் 13 பிறீமியர் லீக் (இங்கிலாந்தின் மேல் பிரிவு), அஞ்செலோட்டி 5 சம்பியன்ஸ் லீக், குவார்டியோலா இத்தனை என்று. போதனாசிரியர் சேர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்: "சரி தம்பி, அந்த ரீமை உங்களிட்ட தந்திருந்தா எத்தனையாவதா வந்திருக்கும்?" அந்த இடத்தில் எல்லோருக்கும் நா ஒட்டிக்கொண்டது.

கேள்வி நியாயமானது. பெரிய லீக்குகளில் எந்தக் கழகம் ஆட்டக்காரருக்குக் கூடச் சம்பளம் கொடுக்கிறதோ அது பெரும்பாலும் மேலே நிற்கும். சம்பளப் பட்டியலையும் பருவ முடிவு அட்டவணையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகவே போகும். ஆகவே கிண்ணத்தை எண்ணினால் நீங்கள் அளக்கிறது பாதி கோச்சை, பாதி முதலாளியின் பொக்கெற்றை.

நான் செய்தது ஒரேயொரு வேலை. அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன், சலிப்பாக இருந்தால் மன்னிக்கவும். கோச்சை இன்னொரு கோச்சோடு ஒப்பிடுவதற்கு முதல், அவரை அவரோடேயே ஒப்பிடுங்கோ. ஒரே ஆள், இரண்டு இடம். ஓரிடத்தில் சரிவந்தது, மற்ற இடத்தில் ஏன் வரவில்லை? இதற்கு விடை கண்டால் வெற்றிக்கான காரணம் தானாக வெளியே வரும்.

இங்கிலாந்துக் கோச் பிரையன் கிளஃப்பை எடுத்தேன். 1974இல் லீட்ஸ் யுனைற்றெட் இங்கிலாந்துச் சம்பியன். அந்த ரீம் அப்படியே கையில் கிடைத்தது, 44 நாளில் அனுப்பிவிட்டார்கள். அடுத்த ஆண்டு தொடக்கத்தில் இரண்டாம் பிரிவில் கிடந்த நொட்டிங்ஹாம் ஃபொறெஸ்ற்றுக்குப் போனார். 1977இல் மேல் பிரிவு, 1978இல் லீக் சம்பியன், 1979இலும் 1980இலும் ஐரோப்பியக் கிண்ணம். கோச் அதே ஆள், வாயும் அதே வாய். மாறினது என்ன?

இரண்டு விசயம் மாறியது. முதலாவது, பீற்றர் ரெய்லர். டார்பி கழகத்தில் கிளஃப்போடு நின்று 1972இல் லீக் வென்ற உதவியாளர். ஆளைப் பார்த்துத் தெரிவு செய்யும் கண் அவருடையது. லீட்ஸுக்கு அவர் போகவில்லை, பிறைற்றன் கழகத்திலேயே நின்றுவிட்டார். ஃபொறெஸ்ற்றுக்கு 1976இல் வந்து சேர்ந்தார், அதற்குப் பிறகுதான் ஏற்றம். இரண்டாவது, லீட்ஸ் ஆட்டக்காரர் ஏற்கெனவே வென்று முடித்தவர்கள். அவர்களைக் கிளஃப் பல வருடமாக வெளிப்படையாகத் திட்டி வந்தவர். ஃபொறெஸ்ற்றில் இருந்தவர்களுக்கோ அதுவரை சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை, அவர் சொன்னதைக் கேட்டார்கள். இந்த இரண்டையும் சொன்னதும் சேர் பேனையை மேசையில் வைத்துவிட்டு நிமிர்ந்து இருந்தார். இனிப் பிரச்சினையில்லை என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

இத்தாலியக் கோச் ரனியேரியையும் இப்படிப் பார்க்கலாம். 2014இல் அவர் நடத்திய கிரேக்கத் தேசிய அணி சொந்த மண்ணில் ஃபாரோ தீவுகளிடம் தோற்றது, அடுத்த நாள் ஆளை நீக்கிவிட்டார்கள். 2016 மே மாதம் அதே மனிதர் லெஸ்ரர் சிற்றியோடு பிறீமியர் லீக் சம்பியன். 2017 பெப்ரவரியில் அதே லெஸ்ரர் அவரை வீட்டுக்கு அனுப்பியது. முட்டாள், மேதை, திரும்பவும் முட்டாள் என்று இரண்டரை வருடத்துக்குள் ஒரு மனிதன் மாறுவானா? சம்பியனான பருவத்தில் நடுக்களத்தில் கன்ரே என்ற ஆட்டக்காரர் இருந்தார். அடுத்த பருவம் அவர் செல்சியில். இந்த ஒரு வசனம் போதும், மிச்சத்தைக் கேட்கிறவரே யோசித்துக்கொள்வார்.

செல்சியின் கோச்சாக இருந்த மொறின்யோவைத் தொடாமல் விட்டேன். 2004-05இல் செல்சி 38 ஆட்டத்தில் 15 கோல்தான் வாங்கியது என்பதும், 2015 மே மாதம் லீக் வென்ற அதே கழகம் டிசம்பரில் 16ஆம் இடத்தில் கிடக்க அவரை அனுப்பியது என்பதும் நல்ல ஒப்பீடுதான். ஆனால் மொறின்யோ என்றால் மண்டபத்தில் இருக்கிற எல்லோருக்கும் ஒரு கதை இருக்கும், இடையில் புகுந்து நேரத்தைத் தின்றுவிடுவார்கள்.

மறுபக்கமாகவும் திருப்பலாம்: ஒரே ரீம், இரண்டு கோச். பார்சிலோனா 2007-08இல் ரியல் மட்ரிட்டுக்கு 18 புள்ளி பின்னால், மூன்றாம் இடம். அடுத்த பருவம் மூன்று பெரிய கிண்ணமும் அவர்களுக்கு. மெஸ்ஸி, ஷாவி, இனியெஸ்ரா இரண்டு பருவத்திலும் இருந்தார்கள். போனவர்கள் ரொனால்டின்யோவும் டெக்கோவும், வந்தவர் அதுவரை பார்சிலோனாவின் இரண்டாம் அணியை மட்டும் நடத்திய குவார்டியோலா. "மெஸ்ஸி இருந்தா நானும் வெல்லுவன்" என்று சொல்கிற அண்ணைமாருக்கு இதைக் காட்டுங்கோ. மன்செஸ்ரர் யுனைற்றெட் 2013இல் சம்பியன், பெர்குசன் போன மறு பருவம் கிட்டத்தட்ட அதே ஆட்டக்காரரோடு ஏழாம் இடம்.

எந்தக் கோச்சை எடுத்தாலும் இவற்றை ஒரு தாளில் எழுதி வையுங்கோ:

– பொறுப்பெடுத்த நாளில் ரீம் எங்கே நின்றது
– பக்கத்தில் நின்ற உதவியாளர் யார், அவர் போன பிறகு என்ன நடந்தது
– முதல் மூன்று மாதத்தில் யாரை வெளியே விட்டார்
– தோற்ற ஆட்டத்துக்கு அடுத்த ஆட்டத்தில் எதை மாற்றினார்
– எவ்வளவு காலம் பொறுத்தார்கள் (பெர்குசன் 1986 நவம்பரில் வந்தார், முதல் கிண்ணம் 1990இல்)

பட்டியலில் நான்காவதுக்கு, 2022இல் ஆர்ஜென்ரீனாவை நடத்திய ஸ்கலோனியை விட நல்ல உதாரணம் கிடையாது, ஆர்ஜென்ரீனாக் கொடி கட்டாத ஒழுங்கையே எங்கள் பக்கத்தில் இல்லை என்பதால் கேட்கிறவருக்கும் உற்சாகம் வரும். 2022 உலகக்கிண்ண முதல் ஆட்டத்தில் சவூதியிடம் 2-1 தோல்வி. அன்றைக்குத் தொடங்கிய பரேடெஸ், பப்பு கோமஸ், லௌத்தாரோ மூவரும் இறுதியாட்டத்தில் தொடங்கவில்லை. என்சோ, மக் அலிஸ்ரர், அல்வரெஸ் அந்த இடங்களுக்கு வந்துவிட்டார்கள். அணி வெல்லும்போது மாற்றாதவர் கனக்கப் பேர். தோற்றபிறகு கோபத்தில் எல்லாவற்றையும் கலைப்பவர் அதைவிடக் கனக்கப் பேர். இவர் அடுத்த ஆட்டத்தில் ஐந்து பேரை மாற்றினார், மிச்சத்தை அதற்குப் பிறகு படிப்படியாக மாற்றிக்கொண்டு போனார்.

என் மனதுக்குப் பிடித்தவர் அஞ்செலோட்டி என்பதை மறைக்கவில்லை. இளவயதில் பார்மா கழகத்தில் 4-4-2 அமைப்பு (பின்களத்தில் நால்வர், நடுக்களத்தில் நால்வர், முன்களத்தில் இருவர்) வைத்திருந்தார். 1997இல் இத்தாலிய நட்சத்திர ஆட்டக்காரர் ரொபேர்ட்டோ பஜ்ஜியோ வரத் தயாராக இருந்தும், அந்த அமைப்பில் இடமில்லை என்று வேண்டாமென்றுவிட்டார். பின்னாளில் அதைப் பற்றி வருந்திப் பேசியும் இருக்கிறார். ஜுவென்ரஸுக்குப் போனபோது அங்கே பிரெஞ்சு நட்சத்திரம் சிடான். இந்த முறை ஆளுக்காக அமைப்பை மாற்றினார். மிலானில் நடுக்கள ஆட்டக்காரர் பிர்லோவைப் பின்னுக்கு இழுத்து அங்கிருந்து ஆட்டத்தை நடத்தவிட்டார். இத்தாலி, இங்கிலாந்து, பிரான்ஸ், ஜேர்மனி, ஸ்பெயின் என்று ஐந்து நாட்டிலும் லீக் வென்றதற்கு அடி பஜ்ஜியோவை விட்ட இடத்தில் இருக்கிறது என்பது என் கட்சி. சேர் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. ஐந்து இடத்திலும் பணக்காரக் கழகம்தானே என்றார். அதுவும் சரிதான். ஆனால் புள்ளி தந்தார்.

இனி மைதானத்துச் செய்முறைத் தேர்வு. எனக்குக் கிடைத்தது பின்களத்திலிருந்து பந்தைக் கட்டியெழுப்புதல், அதாவது பின்னுக்கிருந்து பாஸ் கொடுத்துக் கொடுத்து முன்னுக்குக் கொண்டுபோதல். காற்று கடற்பக்கமிருந்து அடித்துக் கோன் (அடையாளக் கூம்பு) இரண்டு உருண்டு போனது, அதை விட்டுவிட்டு நடத்துங்கோ, எடுக்க ஓடாதீங்கோ. எங்களோடு இருந்த பலர் விசில் வாயிலிருந்து எடுக்கவேயில்லை. பத்து விநாடிக்கு ஒருக்கா நிறுத்தி, ஐந்து குறை சொல்லி, பெடியள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார்கள். நான் கன நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டு நின்றேன். மதிப்பிடுபவர் என்னை நித்திரை என்று நினைத்திருப்பார்.

இடது பின்களத்தில் நின்ற பெடியன் ஒவ்வொரு முறையும் பந்தை வலது காலில் வாங்கினான். பந்து தருகிறவனை நேராகப் பார்த்துக்கொண்டு நிற்பான், முதுகு எதிரணிப் பக்கம். பந்து காலில் பட்டதும் எதிராளி மேலே வந்துவிடுவான், திரும்ப வழியில்லை, வந்த பந்தை வந்த இடத்துக்கே கொடுப்பான். மூன்றாந்தரமும் அப்படியே நடந்தபோதுதான் நிறுத்தினேன். எல்லோரும் நின்ற இடத்திலேயே நிற்க, அவனிடம் ஒரு கேள்வி: "தம்பி, இப்ப உனக்கு ஆர் ஆர் தெரியினம்?" "கீப்பரும் இவனும்." முதுகைப் பக்கக்கோட்டுக்குத் திருப்பி நிற்கச் சொன்னேன். "இப்ப?" "எல்லாரும்." பந்தை உடம்புக்குக் குறுக்கே ஓடவிட்டு இடது காலில் வாங்கச் சொல்லிவிட்டு விலகினேன். அடுத்த பந்து நேரே நடுக்களத்துக்குப் போனது. மதிப்பிடுபவர் கேட்டது: "ஏன் முதல் தரமே நிறுத்தவில்லை?" ஒருக்கா நடந்தால் தற்செயல், மூன்று தரம் நடந்தால் பழக்கம் என்றேன். அவ்வளவுதான் செய்முறை.

வாய்காரராக இருந்தால் உங்களுக்கு இது ஒத்துவராமலும் போகலாம். பெர்குசன் சத்தம் போட்டே வென்றவர் என்று நீங்கள் சொல்லலாம். அவர் உடைமாற்றும் அறையில் போட்டார், பயிற்சியைப் பெரும்பாலும் உதவியாளரிடம் விட்டுவிட்டுக் கரையில் நின்று பார்த்தார். என்னைக் கேட்டால், சீ லைசென்ஸுக்குப் போகிறவர் பேசாமல் நிற்கப் பழகினால் போதும். உரத்துக் கத்தத் தனியாகப் படிக்கத் தேவையில்லை, எங்கள் ஊரில் மதிலில் இருக்கிறவர்களுக்கே அது வரும்.

வாய்மொழி முடிவில் எதிர்பாராத கேள்வி ஒன்று வந்தது. "உங்கட கழகத்துக்கு இவர்களில் ஒருவரைக் கூட்டிவந்தால் யார் தாக்குப்பிடிப்பார்?" யாழ்ப்பாணத்தின் நாவாந்துறை, குருநகர் பக்கம் விளையாடுகிறவர்களில் பலர் இரவில் கடற்றொழிலுக்குப் போய் விடியத்தான் கரைக்கு வருவார்கள். செவ்வாய் பயிற்சிக்கு எட்டுப் பேர் வந்தால் அது நல்ல செவ்வாய். ஞாயிறு ஆட்டம் சில வேளை ஒன்பது பேர் கொண்ட சுற்று, சில வேளை பதினொருவர். இங்கே குவார்டியோலா வந்தால் அமைப்பு வரைந்து முடிக்கமுதல் ஆள் மாறிவிடும்.

ஐரோப்பாவை விட்டுவிட்டு இந்தியக் கோச் சையது அப்துல் ரஹீமின் பெயரைச் சொன்னேன். ஹைதராபாத்தில் பள்ளிக்கூட ஆசிரியராக இருந்தவர். 1956 மெல்பேர்ண் ஒலிம்பிக்கில் இந்தியாவை நான்காம் இடத்துக்குக் கொண்டுவந்தார், 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம். அந்தச் சுற்றில் பின்கள ஆட்டக்காரர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் காயம். அவரை வெளியே இருத்தாமல் முன்களத்துக்கு அனுப்பினார். இறுதியாட்டத்தில் தென்கொரியாவை 2-1 என்று வென்றபோது அதில் ஒரு கோல் ஜர்னைலுடையது. ரஹீமுக்கு அப்போதே புற்றுநோய், அடுத்த ஆண்டு இறந்துபோனார். கையில் இருக்கிற ஆளை வைத்து, இருக்கிற நிலைமையில் இடம் மாற்றத் தெரிந்தவர்தான் எங்கள் செவ்வாய்க்கிழமையைச் சமாளிப்பார் என்றேன். அந்தப் பெயரை இதுவரை யாரும் சொல்லவில்லை என்றார் சேர். நீங்களும் இதையே சொல்லிவைக்காதீங்கோ, வேறு ஆளைத் தேடுங்கோ.

கோச்சை இடையில் மாற்றினால் ரீம் நிமிருமா என்ற கேள்வியும் வரலாம். வரிசையாகத் தோற்ற பிறகுதான் எந்தக் கோச்சையும் நீக்குவார்கள். அவ்வளவு மோசமான ஓட்டம் கோச் மாறாவிட்டாலும் கொஞ்சம் தேறத்தான் செய்யும், அந்தப் பெயர் புதிதாக வந்தவருக்குப் போய்விடும். இதைச் சொன்னால் அடுத்த கேள்வி வராது.

எழுத்துத் தாள் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஆட்ட விதிகளை வாசித்துவிட்டுப் போங்கோ, ஓஃப்சைட் வரைபடம் வரைந்து பழகுங்கோ.

கொண்டுபோக வேண்டியவை: இரண்டு விசில், சொந்தக் கோன் (அங்கே இருக்கிறதை நம்பவேண்டாம்), மழைக்குள்ளும் எழுதக்கூடிய பென்சில், மாற்றுக் காலுறை, ஒரு போத்தல் தண்ணி. திட்டத்தை ஒரே பக்கத்தில் எழுதுங்கோ, இரண்டாம் பக்கத்தை மைதானத்தில் யாரும் திருப்புவதில்லை. என்னுடைய கோச் ஒப்பீட்டுத் தாள் யாருக்கும் வேணுமெண்டால் பின்னேரம் மைதானத்தில் வந்து படம் எடுத்துக்கொண்டு போகலாம். செவ்வாய் எண்டால் இன்னும் நல்லம், எட்டுப் பேருக்கு ஒன்பதாவது ஆள் கிடைக்கும்.