சகப்பிணைப்புப் படங்களில் விடுபட்டுப்போகும் எலக்ட்ரான்கள்

அணுக்கள் எலக்ட்ரான்களைப் பகிர்ந்துகொள்ளும் சகப்பிணைப்பைப் படமாக வரையும் மாணவர்கள் பெரும்பாலும் பிணைப்பைச் சரியாகவே போட்டுவிடுகிறார்கள். பிணைப்பில் சேராத எலக்ட்ரான்களைத்தான் விட்டுவிடுகிறார்கள். நீர் மூலக்கூறை வரையச் சொன்னால், ஆக்சிஜன் வட்டத்தோடு இரண்டு ஹைட்ரஜன் வட்டங்கள் ஒழுங்காக வெட்டிக்கொள்ளும், வெட்டும் பகுதி ஒவ்வொன்றிலும் அணுவுக்கு ஓர் எலக்ட்ரானாக ஒரு புள்ளியும் ஒரு பெருக்கல் குறியும் இருக்கும். ஆனால் ஆக்சிஜனிடம் மிச்சமிருக்கும் நான்கு எலக்ட்ரான்கள் தாளில் எங்குமே இரா. அந்த இரண்டு தனித்த இரட்டைகள் விலக்குவதால்தான் நீர் மூலக்கூறு நேர்கோட்டில் நிற்காமல் 104.5 பாகைக் கோணத்தில் வளைகிறது என்பதை, அவற்றை வரையாதவருக்கு எப்படி விளக்குவது?

இதற்கு எனக்குத் தெரிந்த மருந்து, பென்சிலை வட்டத்தில் வைக்கும் முன்பே இணைதிறன் எலக்ட்ரான்களின், அதாவது அணுக்களின் வெளிக்கூட்டில் உள்ள எலக்ட்ரான்களின், மொத்தத்தை ஓரத்தில் எழுதிவைப்பதுதான். நீருக்கு 6 + 1 + 1, ஆக 8. அம்மோனியாவுக்கு 5 + 3, அதுவும் 8. வரைந்து முடித்த பிறகு குறிகளை எண்ணி, ஓரத்தில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டால் போதும்.

இம்முறையின் உண்மையான பயன் கார்பன் டைஆக்சைடில் தெரியும். மொத்தம் 4 + 6 + 6, அதாவது 16. கார்பனை நடுவில் வைத்து இருபுறமும் ஒற்றைப் பிணைப்புகளைப் போட்டால் 4 எலக்ட்ரான்கள் செலவாகின்றன. மீதியுள்ள 12-ஐ ஆக்சிஜன்களுக்கு ஆறாறாகக் கொடுத்தால் அவை இரண்டும் நிலைத்தன்மைக்கு வேண்டிய எட்டை எட்டிவிடும், கார்பனோ வெறும் நான்கோடு நிற்கும். கையில் வேறு எலக்ட்ரான் இல்லை, புதிதாகச் சேர்க்கவும் கூடாது. ஆகவே ஒவ்வோர் ஆக்சிஜனும் தன் தனித்த இரட்டைகளில் ஒன்றைப் பிணைப்புக்குள் தள்ளியாக வேண்டும். இப்படி வருவதுதான் இரட்டைப் பிணைப்பு. இரட்டைக் கோட்டை மனப்பாடம் செய்தவருக்கு அது ஏன் வந்தது என்பது கடைசிவரை தெரியாமலே போகும்.

கார்பன் மோனாக்சைடு இன்னும் சுவையானது. பத்தே எலக்ட்ரான்களைக் கொண்டு இரு அணுக்களுக்கும் எட்டெட்டு காட்ட வேண்டுமென்றால், நடுவே முப்பிணைப்பும் இருபுறமும் ஒவ்வொரு தனித்த இரட்டையும் வைப்பது தவிர வேறு வழியில்லை. கார்பனின் எலக்ட்ரான்களைப் புள்ளியாகவும் ஆக்சிஜனுடையவற்றைப் பெருக்கல் குறியாகவும் இட்டால், பிணைப்பில் உள்ள ஆறில் புள்ளி இரண்டு, பெருக்கல் குறி நான்கு என்று வருகிறது. அதாவது ஓர் இரட்டையின் இரு எலக்ட்ரான்களும் ஆக்சிஜன் கொடுத்தவை. ஈதல் சகப்பிணைப்பு என்பது இதுதான். ஆனால் உண்மையில் எலக்ட்ரான்களுக்கு இப்படி ஊர்ப்பெயர் கிடையாது, பிணைந்தபின் எது யாருடையது என்று பிரிக்கவும் முடியாது. குறிகள் நம் கணக்கின் வசதிக்கானவை மட்டுமே.

இந்தப் புள்ளிக் கணக்கை வேதியியலுக்குத் தந்தவர் பெர்க்லியில் பணியாற்றிய கில்பர்ட் நியூட்டன் லூயிஸ். இரண்டு அணுக்கள் ஓர் எலக்ட்ரான் இரட்டையைப் பகிர்வதே பிணைப்பு என்று அவர் 1916-இல் எழுதினார். ஆனால் ஒவ்வோர் அணுவையும் சுற்றி எட்டு எலக்ட்ரான்கள் அமைய வேண்டும் என்னும் எண்ம விதி எல்லா இடத்திலும் செல்லாது. நைட்ரிக் ஆக்சைடில் 11 எலக்ட்ரான்கள் இருப்பதால் எப்படி வரைந்தாலும் ஒன்று தனியாக நிற்கும். ஆக்சிஜன் மூலக்கூறின் படத்தில் எல்லாம் இரட்டை இரட்டையாக அழகாக அமைகின்றன; ஆனால் இணைசேராத இரண்டு எலக்ட்ரான்கள் அதில் இருப்பதால் திரவ ஆக்சிஜன் காந்தத்தால் ஈர்க்கப்படுகிறது, அதைப் படம் காட்டுவதில்லை.

போரான் ட்ரைஃபுளோரைடில் மொத்தம் 24. மூன்று ஃபுளோரின்களும் எட்டைப் பெற்றபின் போரானுக்கு ஆறுதான் கிடைக்கிறது. இதை அம்மோனியாவின் பக்கத்தில் வரையுங்கள். நைட்ரஜனின் தலைமேல் உள்ள தனித்த இரட்டை போரானின் காலியிடத்துக்குள் சென்று பிணைப்பாகிறது, கூட்டுத்தொகை 32 குறையாமல் அப்படியே இருக்கிறது. எலக்ட்ரான் இரட்டையைப் பெறுவது அமிலம், தருவது காரம் என்று 1923-இல் லூயிஸ் வகுத்தது இத்தகைய வினைகளையும் உள்ளடக்கித்தான். அம்மோனியாவின் படத்தில் அந்த இரண்டு புள்ளிகளை விட்டவருக்கு இந்த வினையை வரைய எதுவும் மிஞ்சியிருக்காது.