அழ வைப்பது வெங்காயம், மாட்டிக்கொள்வது வீட்டுக்காரர்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணி. "என்னங்க, பிரியாணிக்கு வெங்காயம் மட்டும் நறுக்கித் தந்துடுங்களேன்" என்று அடுப்படியிலிருந்து குரல் வரும். அந்த 'மட்டும்'தான் ஆளைக் கவிழ்ப்பது. போய்ப் பார்த்தால் முறத்தில் ஒரு கிலோ பெல்லாரி காத்திருக்கும். முதல் வெங்காயம் வீரமாக முடியும். இரண்டாவதில் மூக்கு உறிஞ்சல் ஆரம்பம். மூன்றாவதில் இருக்கும்போது பால் காசு வாங்க வந்தவர் வாசலில் நின்று முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன சார், வீட்ல ஏதாவது..." என்று குரலைத் தாழ்த்துவார். காசை அடுத்த வாரம் வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போய்விடவும் வாய்ப்பு உண்டு.

முதல் வெங்காயம் ஏன் சும்மா விட்டது? வெங்காயத்திடம் தயாராகக் கண்ணீர்ப்புகை எதுவும் கிடையாது. அதன் ஒவ்வொரு செல்லிலும் கந்தகம் கலந்த அமினோ அமிலப் பொருள் ஒரு பக்கம், அல்லினேஸ் என்ற நொதி இன்னொரு பக்கம், நடுவில் மெல்லிய சவ்வு. சம்பந்தி வீட்டார் மாதிரி தனித்தனியாக இருக்கும்வரை பிரச்சினையே இல்லை. கத்தி பட்டுச் சவ்வு கிழிந்ததும் இரண்டும் கலக்கின்றன. முதலில் ஓர் அமிலம் உருவாகிறது. அதை இன்னொரு நொதி பிடித்து, சின்-புரொப்பேன்தயால்-எஸ்-ஆக்சைடு என்ற ஆவியாக மாற்றிவிடுகிறது. இந்த ஆவி உச்சத்துக்கு வர அரை நிமிடம் போலப் பிடிக்கும். முதல் வெங்காயத்துக்கான தண்டனை இரண்டாவதை நறுக்கும்போது கிடைப்பது இதனால்தான். ஆவி கருவிழியில் பட்டதும் அங்குள்ள நரம்புகள் மூளைக்குச் சொல்லி அனுப்ப, கண்ணைக் கழுவச் சொல்லிக் கண்ணீர்ச் சுரப்பிக்கு உத்தரவு போய்விடுகிறது.

பூண்டும் இதே குடும்பம். அல்லினேஸ் அதனிடமும் உண்டு. ஆனால் அந்த இரண்டாவது நொதி இல்லை. அதனால்தான் அரைக்கிலோ பூண்டை நசுக்கினாலும் கை நாறுமே தவிர, கண் கலங்காது.

அந்த இரண்டாவது நொதி ஒன்று இருப்பதே 2002 வரை யாருக்கும் தெரியாது. கறி மசாலாவுக்குப் பேர்போன ஜப்பானின் ஹவுஸ் ஃபுட்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ஷின்சுகே இமாயும் கூட்டாளிகளும் அதைக் கண்டுபிடித்து 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். அதற்கு 2013-இல் இக் நோபல் பரிசும் கிடைத்தது. முதலில் சிரிக்க வைத்து, பிறகு யோசிக்க வைக்கும் ஆராய்ச்சிகளுக்குத் தரப்படும் பரிசு அது. அழ வைக்கும் பொருளை ஆராய்ந்தவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பரிசு ஏது! அதே நிறுவனம் பின்னர் கண்ணே கலங்காத வெங்காயத்தை உருவாக்கி 'ஸ்மைல் பால்' என்று பெயர் வைத்து விற்கவும் செய்தது. நம்ம ஊர் ஆம்லெட்டுக்கு அந்தச் சாதுவான வெங்காயம் ஒத்துவருமா என்பது வேறு விஷயம்.

சரி, முறத்தில் இருக்கும் மீதியை எப்படி முடிப்பது? முதல் தேவை கூர்மையான கத்தி. மொட்டைக் கத்தி வெட்டாது, நசுக்கும். நசுங்க நசுங்க உடையும் செல்கள் கூடும், சாறும் தெறிக்கும். தேங்காய் ஓட்டைச் சுரண்டவும் பார்சல் கயிற்றை அறுக்கவும் பயன்படும் அதே கத்தியால் வெங்காயம் நறுக்கினால் அழுகை உறுதி.

நுனியை வெட்டி எறிந்துவிட்டு, நுனியிலிருந்து வேர் வரை நேராக இரண்டாகப் பிளந்து, தோலை உரியுங்கள். வெட்டிய முகம் பலகையைத் தொடும்படி கவிழ்த்து வையுங்கள். திறந்த பரப்பு மூடிக்கொள்ளும். வேர்க்கட்டையைக் கடைசி வரை விட்டுவைத்தால் அடுக்குகள் கலைந்து வழுக்காது. பிரியாணிக்கு இரண்டு மில்லிமீட்டர் பருமனில் நீளநீளமாகச் சீவினால் ஒரே சீராகச் சிவக்கும். சீவியதைப் பலகையிலேயே குவித்து வைக்காமல் பாத்திரத்தில் போட்டு மூடிவிடுங்கள். மொத்தத்தையும் நறுக்கி முடித்துவிட்டு நிதானமாக மூடுவது, திருடன் போனபின் கதவைப் பூட்டுகிற கதை.

அரிவாள்மனையில் உட்கார்ந்தால் முகம் நேராக வெங்காயத்துக்கு மேலே வந்துவிடும். அதில் நறுக்கியே பழகிய அம்மாக்கள் இவ்வளவு காலம் எப்படிச் சமாளித்தார்கள் என்பதற்கு என்னிடம் ரசாயன விளக்கம் எதுவும் இல்லை. பலகையில் நின்று நறுக்குபவர்கள், டேபிள் ஃபேனைப் பக்கவாட்டில் வைத்து ஆவியை ஜன்னல் பக்கம் தள்ளிவிடலாம். காற்று முகத்துக்கு நேராக வந்தால், ஆவிக்கு நாமே ஆட்டோ பிடித்துக் கொடுத்த மாதிரி.

அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்தால் நொதி மந்தமாகும். இரண்டாகப் பிளந்து ஐந்து பத்து நிமிடம் தண்ணீரில் போட்டாலும் வேகம் குறையும், கொஞ்சம் ருசியும் கூடவே போகும். சின்ன வெங்காயத்தை ஊறப்போடுவதில் இரட்டை லாபம், தோல் சுலபமாகக் கழன்றுவிடும். வாயில் ரொட்டித் துண்டைக் கவ்வுவது, தீக்குச்சியைக் கடிப்பது போன்ற வைத்தியங்களில் ஒரே நன்மைதான்: நறுக்குபவர் புலம்புவது மற்றவர் காதில் விழாது. கான்டாக்ட் லென்ஸ் போட்டவர்களுக்கு மட்டும் கருவிழி மூடியிருப்பதால் எரிச்சல் குறைவு. எரிகிறதே என்று வெங்காயக் கையாலேயே கண்ணைக் கசக்குவதுதான் உச்சகட்டத் தவறு. அதை எல்லாரும் ஒரு தடவையாவது செய்தே தீர்வோம்.

வெங்காயம் அடுப்படியில் மட்டும் அழ வைத்ததில்லை. 1955-இல் அமெரிக்காவில் வின்சென்ட் கோசுகா, சாம் சீகல் என்ற இரண்டு வியாபாரிகள் சிகாகோ சந்தையின் வெங்காயத்தை ஏறக்குறைய மொத்தமாக வளைத்துப் போட்டார்கள். பிறகு விலை விழும் என்று தாங்களே பந்தயம் கட்டிவிட்டு, சரக்கைச் சந்தையில் கொட்டினார்கள். 50 பவுண்டு மூட்டை, அதாவது சுமார் 23 கிலோ, 2.75 டாலரிலிருந்து 1956 மார்ச்சில் 10 சென்ட்டுக்கு வந்துவிட்டது. உள்ளே இருந்த வெங்காயத்தைவிட வெறும் கோணிக்கு விலை அதிகம்! விவசாயிகள் கொதித்துப்போக, 1958-இல் வெங்காயத்தில் முன்பேர வர்த்தகமே, அதாவது பின்னாளில் கைமாறும் சரக்குக்கு இன்றே விலை பேசும் வியாபாரமே, கூடாது என்று சட்டம் வந்தது. அதை முன்னின்று கொண்டுவந்தவர் பின்னாளில் அதிபரான ஜெரால்டு ஃபோர்டு. அங்கே கச்சா எண்ணெயில் முன்பேர வர்த்தகம் செய்யலாம், தங்கத்தில் செய்யலாம். வெங்காயத்தில் இன்றைக்கும் முடியாது.

இவ்வளவு பேரைக் கலங்கடித்த வெங்காயம் ஒருவரிடம் மட்டும் தோற்றிருக்கிறது. எகிப்து மன்னர் நான்காம் ராம்சேஸ். அவர் உடலைப் பதப்படுத்தியவர்கள் கண்குழிகளில் சிறிய அளவு வெங்காயங்களை வைத்து அனுப்பினார்கள். 3,100 ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் ஒரு சொட்டுக் கண்ணீர் கிடையாது. அவருக்கென்ன, "தயிர்ப் பச்சடிக்கு இன்னும் ரெண்டே ரெண்டு" என்று அடுப்படியிலிருந்து யாரும் குரல் கொடுக்கப்போவதில்லை.