ஓராண்டு மறைப்பணிக்குச் செல்ல எண்ணுவோருக்கு

படிப்பை முடித்து வேலையில் சேரும் முன் ஓராண்டை இளையோர் மறைப்பணிக்கு, அதாவது இளையோரிடையே கத்தோலிக்க விசுவாசத்தைப் பகிரும் பணிக்கு, அளிக்கலாமா என்று கேட்பவர்களிடம், அந்த ஆர்வம் எங்கிருந்து வருகிறது என்றே நான் முதலில் கேட்பதுண்டு. தியானம் தந்த உற்சாகத்திலோ, வேலை கிடைக்காத சோர்விலோ எடுக்கும் முடிவு பெரும்பாலும் நிலைப்பதில்லை. மனம் வறண்டிருக்கும் வேளையில், முன்பு எடுத்த முடிவை மாற்றக்கூடாது என்பது இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாரின் விதி. 1548இல் திருத்தந்தை மூன்றாம் பவுல் ஒப்புதல் அளித்த அவரது ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ நூலில் இன்னொரு வழியும் உண்டு: முன்பின் அறியாத ஒருவர் இதே கேள்வியோடு வந்தால், அவருடைய நலனை மட்டும் விரும்பி என்ன சொல்வோமோ, அதையே நாமும் கைக்கொள்ள வேண்டும். (எளிதாகத் தோன்றும், செய்து பாருங்கள்.)

குழுவாகத் தங்கி, பங்குகளிலும் (ஊர்க் கோயிலைச் சார்ந்த சமூகங்களிலும்) பள்ளிகளிலும் விசுவாச அனுபவத்தைப் பகிர்ந்து, சில நாள்களில் நாற்காலிகளை அடுக்குவதே பணியாக அமையும் வாழ்க்கை இது. கல்விக் கடன், பெற்றோரின் உடல்நிலை, ஓராண்டுச் செலவு ஆகியவற்றைச் செபத்திலிருந்து விலக்கி வைக்க வேண்டாம். ஆள் சேர்க்கும் பொறுப்பில் இல்லாத ஓர் ஆன்மிக வழிகாட்டியிடம் மனம் திறந்து பேசுங்கள். விண்ணப்பத்தின் கடைசி நாளுக்குள் தெளிவு பிறக்கவில்லையெனில், அடுத்த ஆண்டும் விண்ணப்பிக்கலாம்.