மேட்டுக்கு ஒரு பல் குறைவு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், பீடோரிலிருந்து தாப்பா போகும் பழைய கூட்டரசு சாலையை விட்டு உள்ளே திரும்பி, செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சாலையில் நான்கு கிலோமீட்டர் போனால் என் இரண்டு ஏக்கர் டுரியான் நிலம் வரும். கடைசி முந்நூறு மீட்டர் நல்ல மேடு. என் வண்டி ஹோண்டா இஎக்ஸ்5. 97 சிசி, நான்கு கியர், நம் ஊரில் கப்சாய் என்று சொல்கிற சிறிய மோட்டார் சைக்கிள் ரகம். பின்னால் 50 கிலோ உர மூட்டையைக் கட்டிக்கொண்டு அந்த மேட்டில் ஏறினால் இரண்டாம் கியரில் கதறும். மூன்றாம் கியருக்கு மாற்றினால் மூச்சு முட்டி நின்றுவிடும். நடுவில் ஒரு கியர் இருந்தால் தேவலை என்று பல வருடமாகப் புலம்பிக்கொண்டிருந்தேன். "நீங்கள் புலம்பிக்கொண்டே வாருங்கள், மூட்டையை நான் தலையில் தூக்கிக்கொண்டு முன்னால் போகிறேன்" என்றாள் மனைவி. இருபது வருடம் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவள். சொன்னால் செய்துவிடுவாள்.

ஸ்ப்ராக்கெட்டை, அதாவது செயின் ஓடும் பல்சக்கரத்தை, மாற்றிப் பார்க்கலாம் என்று சொன்னவன் என் அக்காள் மகன். அவன் பேச்சைக் கேட்டது முதல் தவறு.

வண்டியைப் பழையதாக வாங்கியவன் நான். அதனால் உள்ளே என்ன இருக்கிறது என்பதை முதலில் எண்ணிப் பார்த்தேன். முன்னால் 14 பல், பின்னால் 36. முப்பத்தாறைப் பதினான்கால் வகுத்தால் 2.57, முன் ஸ்ப்ராக்கெட் அத்தனை சுற்றுச் சுற்றினால் பின் சக்கரம் ஒரு சுற்று. "முன்னால் ஒரு பல் கூட்டுங்கள் மாமா, வண்டி பறக்கும்" என்றான் அவன். சீன முதலாளியின் (தவுக்கே) கடையில் 12 வெள்ளிக்கு (ரிங்கிட்) 15 பல் ஸ்ப்ராக்கெட் வாங்கி மாட்டினோம்.

நேர்ச்சாலையில் பறக்கத்தான் செய்தது, அதாவது சத்தமில்லாமல். 70-இல் போகும்போது எஞ்சின் முன்பு 65-இல் கேட்ட சத்தத்தில் ஓடியது. எனக்கே சற்று கர்வம் வந்துவிட்டது. ஆனால் எதிர்க்காற்று வந்ததும் நான்காம் கியரில் முள் 80-ஐத் தாண்ட மறுத்தது. முன்பு 90 வரை போன வண்டி. மேம்பாலம் ஏற மூன்றாம் கியருக்கு இறங்க வேண்டியிருந்தது. நிலத்து மேட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பாதி வழியில் மூட்டையை இறக்கிவைத்துவிட்டு, வண்டியைத் தனியாக மேலே கொண்டு போனேன். அன்று மனைவி ஒன்றும் பேசவில்லை. அதுதான் பெரிய பேச்சு.

அப்போதுதான் புத்தியில் ஏறியது. எஞ்சினிடம் உள்ள பலம் உள்ளதுதான். பல்லை மாற்றினால் அது கூடாது. கியர்களுக்கு இடையே உள்ள இடைவெளியும் மாறாது. ஏணியின் படிகள் அப்படியேதான் இருக்கின்றன, ஏணியை மொத்தமாகச் சற்று இறக்கியோ ஏற்றியோ சாத்துகிறோம். நான் கேட்டுக்கொண்டிருந்த நடுக் கியர் கிடைக்கவே கிடைக்காது. ஆனால் மூன்றாம் கியரை மேடு ஏறும் அளவுக்கு இறக்கலாம். அதற்கு, முன் ஸ்ப்ராக்கெட்டில் 14-இலிருந்து ஒரு பல் குறைய வேண்டும். 36-ஐ 13-ஆல் வகுத்தால் 2.77. நூற்றுக்கு ஏழே முக்கால் அளவுக்கு இழுவை கூடும். பின்னால் கூட்டி இதே பலனைப் பெற வேண்டுமானால் 36-ஐ 39 ஆக்க வேண்டும்; செலவும் அதிகம், செயினும் நீளமாக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டு வாசலில் உட்கார்ந்தேன். கியர் மிதியைக் கழற்றி, இடப்பக்க மூடியைத் திறந்தால் உள்ளே பழைய கிரீஸும் செம்மண்ணும் கலந்து அடிப்பிடித்த சட்டிபோல் அப்பிக்கிடந்தன. மரக்குச்சியால் சுரண்டி எடுத்தேன். ஸ்ப்ராக்கெட்டைப் பிடித்திருப்பது ஒரு மெல்லிய தகடும் பத்தாம் நம்பர் ஸ்பேனருக்கு அடங்கும் இரண்டு சிறிய போல்ட்டுகளும்தான். முதல் கியரில் போட்டு, பின் பிரேக்கை மிதித்துக்கொள்ள ஆள் வைத்துத் தளர்த்த வேண்டும். போல்ட் வெளியே வந்தாலும் தகடு வராது. அதைச் சற்றுத் திருப்பி, தண்டின் வரிப்பள்ளத்தோடு பொருத்தி இழுத்தால்தான் வரும். இது தெரியாமல் போன தடவை திருப்புளியால் நெம்பி, தகட்டின் ஓரத்தை வளைத்துவைத்திருந்தோம். ஒரு போல்ட் புல்லில் விழுந்தது. பேரன் தேடி எடுத்துக் கொடுத்து, ஐஸ்கிரீமுக்கு இரண்டு வெள்ளி வாங்கிக்கொண்டான்.

13-ஐ மாட்டினேன். மேடு ஏறியது. மூட்டையோடு, மூன்றாம் கியரில், முனகலோடு ஏறியது. ஆனால் செயின் உறைக்குள்ளிருந்து கரகரவென்று மாவாட்டும் சத்தம்.

இது இரண்டாம் தவறு. புதுப் பல்லில் பழைய செயினை ஓட்டினேன். செயினைக் கழற்றித் தரையில் இழுத்து வைத்து, இருபது கண்ணிகளை இரும்பு அளவுகோலால் அளந்தேன். என் வண்டியின் 420 என்ற அளவுச் செயினில் ஒரு கண்ணி 12.7 மில்லிமீட்டர், அதாவது அரை அங்குலம். இருபதுக்கு 254 வர வேண்டும். எனக்கு 260 வந்தது. ஊசிகள் தேய்ந்து ஒவ்வொரு கண்ணியும் இம்மி இம்மியாக நீண்டதால், கண்ணிகள் பல்லின் அடியில் உட்காராமல் மேலேறி உரசியிருக்கின்றன. பின் ஸ்ப்ராக்கெட்டின் பற்களும் சுறா முதுகுபோல் ஒரு பக்கம் சாய்ந்திருந்தன. செயினும் பின் ஸ்ப்ராக்கெட்டும் புதிதாக வாங்கினேன். கடையில் 428 செயினைக் காட்டினார்கள். அதற்கும் கண்ணி நீளம் அதேதான், அகலம் மட்டும் கூடுதல். 420 பல்லில் போட்டால் பக்கவாட்டில் ஆடும். வேண்டாமென்றேன். இணைப்புக் கண்ணியின் கிளிப்பை, மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்கும்படி மாட்டினேன். மாற்றி மாட்டினால் எதிலாவது தட்டிக் கழன்றுபோகும்.

முன்னால் பழைய 14-ஐவிட ஒரு பல் குறைந்ததால், அதே நீளச் செயினுக்குப் பின் சக்கரம் ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர் பின்னால் போக வேண்டும். இழுத்து முறுக்கிவிட்டு, தாப்பா வரை போய் வந்தேன். கடைத்தெருவில் இறங்கும்போது பின் பிரேக் டிரம்மில் கை பட்டது; சுட்டது. சக்கரம் பின்னால் போனபோது பிரேக் கம்பியும் சேர்ந்து இழுபட்டு, மிதிக்காமலேயே பிரேக் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. கம்பியின் திருகைச் சில சுற்றுத் தளர்த்தியதும் சரியானது. வண்டி ஏன் இழுக்கவில்லை என்று வழியெல்லாம் 13 பல்லைத் திட்டிக்கொண்டு போயிருந்தேன்.

நஷ்டமும் உண்டு. 70-இல் போகும்போது இப்போது எஞ்சின் முன்பு 75-இல் ஓடிய வேகத்தில் ஓடுகிறது. ஈப்போவுக்கு ஒரு முறை போய்வந்தேன், உள்ளங்கை மரத்துப்போனது. பெட்ரோல் லிட்டருக்கு இரண்டு மூன்று கிலோமீட்டர் குறைகிறது. வேக முள் பொய் சொல்லவில்லை, ஏனென்றால் இந்த வண்டியில் அதன் கேபிள் முன் சக்கரத்திலிருந்து வருகிறது. பல் சிறிதானதால் செயின் கூடுதலாக வளைந்து சீக்கிரம் தேயும் என்பார்கள், உண்மைதான். ஆனால் செயினில் உள் கண்ணி, வெளிக் கண்ணி என்று இரு வகை மாறி மாறி வருவதால் கண்ணிகள் பொதுவாக இரட்டைப்படை; 14 பல்லில் ஒவ்வொரு பல்லும் ஒரே வகைக் கண்ணியையே சந்திக்கும். 13 ஒற்றைப்படை, இரு வகைக் கண்ணிகளையும் முறை வைத்துச் சந்திக்கிறது. தேய்மானம் பங்கிடப்படுகிறது. இது எவ்வளவு ஈடுகட்டும் என்பதைச் செயின்தான் சொல்ல வேண்டும்.

போன வாரம் கேமரன் மலைச் சாலையில் லாத்தா இஸ்கந்தர் அருவி வரை மனைவியோடு போனேன். முன்பு இரண்டாம் கியரில் அழுத வளைவுகளில் மூன்றாம் கியரிலேயே சுற்றி ஏறினோம். "எஞ்சின் மாற்றினீர்களா?" என்று கேட்டாள். பல் என்றேன். "யாருடைய பல்?" என்றாள்.

15 பல்லை அக்காள் மகன் எடுத்துக்கொண்டு போனான். தெலுக் இந்தான் சாலையில் தினமும் தனியாகப் போகிறவன். அந்தத் தட்டைச் சாலையில் அவனுக்கு அது பொருந்தியிருக்கிறது. பழைய 14 மைலோ டின்னில் எண்ணெய்க் காகிதத்துக்குள் இருக்கிறது. ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் புதுச் செயினில் இருபது கண்ணிகளை மறுபடி அளந்தேன். 254, அதற்கு மேல் ஒரு மயிரிழை.