ஒன்பதாவதோடு பள்ளியை விட்ட பையனுக்கு என்ன வழி?

என் அக்கா மகன் ஒன்பதாவது முழுப்பரீட்சையில் தேறவில்லை. தமிழ்நாட்டில் எட்டாவது வரை யாரையும் அதே வகுப்பில் நிறுத்தி வைப்பதில்லை. அதனால் நிறையப் பிள்ளைகள் தோல்வியை முதன்முதலாகப் பார்ப்பதே ஒன்பதாவதில்தான். இவனுக்குக் கணக்கும் இங்கிலீஷும் பல வருடமாகவே புரியவில்லை, அது வீட்டுக்குத் தெரிய வந்தது அப்போதுதான். சின்னப் பிள்ளைகளோடு திரும்பவும் அதே வகுப்பில் உட்கார மாட்டேன், வேலைக்குப் போகிறேன் என்று ஒரே பிடியாக நின்றான். வயது 15.

அக்கா அழுது பார்த்தாள். மாமா குவைத்திலிருந்து போனில் சத்தம் போட்டார். ஒன்றும் நடக்கவில்லை. வற்புறுத்தி அனுப்பினால் பள்ளிக்கூட வாசல் வரைக்கும்தான் போவான் என்று எனக்குப் பட்டது. சரி, சட்டம் என்ன சொல்கிறது, எங்கெல்லாம் சேர்த்துக்கொள்வார்கள் என்று நான் விசாரிக்க ஆரம்பித்தேன்.

2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரைக்கும்தான். 15 வயதுப் பையன் நின்றுவிட்டால் அந்தச் சட்டம் அவனை ஒன்றும் செய்யாது. இதைச் சொன்னதும் அவனுக்கு ஒரே சந்தோஷம். ஆனால் வேலைக்கு வைப்பதற்குத் தனிச் சட்டம் இருக்கிறது. 2016இல் அதைத் திருத்தினார்கள். 14 வயதுக்குக் கீழே வேலைக்கு வைக்கக் கூடாது. 14க்கு மேல் 18 முடியாதவர்களைச் சுரங்கம், தீப்பிடிக்கும் பொருள், வெடிபொருள், ஆபத்தான ரசாயன வேலைகளில் வைக்கக் கூடாது. கடலூரில் இருப்பவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. ரசாயன ஆலைகள் இருக்கும் சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் ஹெல்பராகச் சேர்த்துவிடுகிறேன் என்று தெரிந்தவர் ஒருவர் அக்காவிடம் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார். மற்ற கடைகளிலும் இந்த வயதுப் பிள்ளைகளுக்கு இடைவேளையோடு சேர்த்து ஒரு நாளைக்கு 6 மணி நேரம்தான் வேலை. இரவு 7 மணியிலிருந்து காலை 8 மணி வரை வேலை வாங்கக் கூடாது. அவனுடைய சிநேகிதன் ஒருவன் மெக்கானிக் ஷாப்பில் காலையில் போனால் ராத்திரி ஒன்பதுக்குத்தான் வீட்டுக்கு வருகிறான். அந்த மாதிரி இடத்தில் பிள்ளைக்குக் கை கால் போனால், அவன் இங்கே வேலையே பார்க்கவில்லை என்றுதான் முதலில் சொல்வார்கள். எனக்கு அந்தப் பயம்தான் பெரிதாக இருந்தது.

அதற்குள் அக்கா டிசி வாங்கப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிவிட்டாள். நானும் கூடப் போனேன். தலைமையாசிரியை நல்ல மனுஷி. "டிசி கொடுக்கறது அஞ்சு நிமிஷ வேலைம்மா. எங்க சேக்கப் போறீங்கன்னு முடிவு பண்ணிட்டு வாங்க, அன்னிக்கே தர்றேன்" என்றார். இந்தப் பக்கம் பேர் போய், அந்தப் பக்கம் பேர் ஏறாமல் நடுவில் நிற்கிற பிள்ளைதான் அப்படியே காணாமல் போகிறது என்றும் சொன்னார். நாங்கள் கேட்ட யோசனைகளில் இதைவிட உருப்படியானது வேறு இல்லை.

விசாரிக்கும்போது ஒரு டுடோரியலில், பரீட்சைக்கே வர வேண்டாம், பணத்தைக் கட்டினால் பத்தாவது சான்றிதழ் வீட்டுக்கு வந்துவிடும் என்றார்கள். அப்படிப்பட்ட சான்றிதழ் பிள்ளையின் கழுத்துக்குத்தான் சுருக்கு. எழுந்து வந்துவிட்டோம்.

அப்புறம்தான் ஐடிஐ, அதாவது தொழிற்பயிற்சி நிலையம். எட்டாவது தேறி 14 வயது முடிந்திருந்தாலே சில பிரிவுகளில் சேரலாம். வெல்டர் ஒரு வருடம், ஒயர்மேன் இரண்டு வருடம். அரசு ஐடிஐயில் படிப்புக் கட்டணம் கிடையாது, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ், சைக்கிள் எல்லாம் உண்டு. எங்கள் மாவட்டத்து அரசு ஐடிஐ ஒன்றுக்கு அவனையும் கூட்டிக்கொண்டு போனேன். பயிற்சியாளர் ஒருவர் ஒர்க்‌ஷாப்புக்குள் கூட்டிப் போனார். மரப்பலகையில் சுவிட்ச், ஹோல்டர், மீட்டர் எல்லாம் பொருத்தி மாணவர்கள் ஒயர் இழுத்துக்கொண்டிருந்தார்கள். மாடிப்படி விளக்கைக் கீழே போட்டு மேலே அணைக்கிற இணைப்பு அது. எங்கோ தப்பு, விளக்கு எரியவில்லை. இவன் கொஞ்ச நேரம் குனிந்து பார்த்துவிட்டு, "சார், இந்த ஒயர் அந்த சுவிட்ச்சுக்குத்தானே போகணும்?" என்றான். அவர் டெஸ்டரை எடுத்து அவன் கையில் கொடுத்தார். ஒன்பதாவதில் ஒரு கேள்வி கேட்காத பிள்ளை அவன்.

முதலில் அவன் கேட்டது வெல்டர், ஒரே வருடத்தில் முடியும் என்பதால். நான் இரண்டு வருடப் படிப்புதான் என்று பிடிவாதமாக இருந்தேன். காரணம் உண்டு. எட்டாவதுக்குப் பிறகு இரண்டு வருட ஐடிஐ முடித்தவர், பத்தாவதின் தமிழ், ஆங்கிலத் தேர்வுகளை எழுதித் தேறினால் பத்தாவதுக்கு இணையான சான்றிதழ் வாங்கலாம். அவனை மிரட்டிய கணக்குப் பரீட்சை அதில் இல்லை. பாஸ்போர்ட் விஷயத்தை மாமாவே அவனுக்கு எடுத்துச் சொன்னார். பத்தாவது தேறாததால் அவருடைய பாஸ்போர்ட், வெளிநாட்டு வேலைக்குப் போக அரசின் அனுமதி தேவைப்படும் வகை (ஈசிஆர்). குவைத் மாதிரியான 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக ஏஜெண்டு, அனுமதி என்று தனி அலைச்சல். பத்தாவது தேறியவருக்கும், அங்கீகாரம் பெற்ற இரண்டு வருட ஐடிஐ முடித்தவருக்கும் அந்த அனுமதி வேண்டாம். "நான் பட்டது போதும்டா" என்றார். அன்று அவர் சத்தம் போடவில்லை. அவன் ஒயர்மேனுக்குச் சம்மதித்தான்.

எட்டாவது மதிப்பெண் சான்று, சாதிச் சான்று, ஆதார் எல்லாவற்றையும் எடுத்து வைத்து ஆன்லைனில் விண்ணப்பித்தோம். இடம் உறுதியான பிறகுதான் டிசி வாங்கினோம். தலைமையாசிரியை சொன்னபடி அன்றைக்கே கொடுத்தார்.

ஐடிஐ பிடிக்காத பிள்ளைக்கும் வழி இருக்கிறது. பதினாலரை வயது முடிந்தால் தனித்தேர்வராகப் பத்தாவது எழுதலாம். அதற்கு அறிவியல் செய்முறை வகுப்புக்கு முன்கூட்டியே பதிய வேண்டும், பலர் கோட்டை விடுவது அங்கேதான். தேசிய திறந்தநிலைப் பள்ளியில் 14 வயதிலிருந்து சேரலாம், மேல் வயது வரம்பு இல்லை. ஒருமுறை பதிந்தால் 5 வருடத்துக்குள் 9 வாய்ப்புகள், தேறிய பாடத்தைத் திரும்ப எழுத வேண்டாம். பள்ளியை விட்டு நாலைந்து வருடம் ஆன பிள்ளைகளின் அம்மாக்கள் அக்காவிடம் வந்து கேட்கிறார்கள். அவர்களுக்கு இந்தக் கடைசி வழியைத்தான் சொல்லி அனுப்புகிறோம்.