முக்காலியும் பெஞ்சும்: குமரி எல்லையிலிருந்து ஒரு நாட்குறிப்பு

ஜூன் 28, 2025, சனி

களியக்காவிளைக்கும் மார்த்தாண்டத்துக்கும் இடையில் எங்கள் பள்ளி. இந்த ஆண்டு வரலாற்று மன்றத்துப் பிள்ளைகள் பதினோரு பேர் சேர்ந்து இணையத்தில் ஓர் அருங்காட்சியகம் கட்டப்போகிறார்கள். ‘வரலாற்றில் தலைமை’ என்பது பொருள். இன்றைக்கு முதல் கூட்டம்.

பலகையில் பதினான்கு பெயர் எழுதினார்கள். காந்தி, லிங்கன், நெப்போலியன், காமராஜர், வேலுத்தம்பி தளவாய், மார்ஷல் நேசமணி என்று நீண்டது. ஒவ்வொருவருக்கும் ஒரு படம், கீழே பிறப்பு, இறப்பு, மூன்று வரி. பாதி வேலை முடிந்துவிட்டது என்ற மகிழ்ச்சி பிள்ளைகள் முகத்தில். எனக்கு மனசு ஒப்பவில்லை. இந்தப் படங்களெல்லாம் பாடப்புத்தகத்திலேயே இருக்கின்றன. முகத்தைப் பார்த்து என்ன தெரிந்துகொள்ள முடியும்?

ஒரே ஒரு விதி வைத்தேன். ஒவ்வொரு தலைவருக்கும் ஒரு பொருள் வேண்டும். அது நாம் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பக்கூடிய தூரத்தில் இருக்க வேண்டும். அப்போதே லிங்கனும் நெப்போலியனும் பட்டியலிலிருந்து இறங்கிவிட்டார்கள்.

“பொருள் அழிஞ்சு போயிருந்தா டீச்சர்?” என்று கேட்டான் கொல்லங்கோட்டுப் பையன். கேட்டது நல்ல கேள்வி. அதைப் பற்றிச் சொல்லத் தெரிந்தவர்களைத் தேடுவோம் என்றேன்.

ஜூலை 5, சனி

உதயகிரிக் கோட்டை. தக்கலையிலிருந்து நாகர்கோவில் போகும் சாலையில் புலியூர்க்குறிச்சி. இப்போது அது வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்கா. மரங்களுக்கு நடுவே கூரையில்லாத பழைய தேவாலயம், அதற்குள் டிலனாயின் கல்லறை.

1741இல் குளச்சலில் டச்சுக்காரர்களைத் திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மா தோற்கடித்தபோது பிடிபட்ட அதிகாரி இவர். சிறைப்பட்டவரையே ராஜா தன் படைக்குப் பயிற்சி கொடுக்க வைத்தார். பிறகு அவர் திருவிதாங்கூர்ப் படைக்கே தலைமை ஏற்றார். ‘வலிய கப்பித்தான்’ என்று இந்த மண் அவரை அழைத்தது. 1777இல் இறந்து இங்கேயே அடங்கினார். கல்லில் லத்தீன் ஒரு பக்கம், தமிழ் ஒரு பக்கம். ஐரோப்பாவில் பிறந்தவருக்குத் தமிழில் கல்லெழுத்து! புதுக்கடைப் பிள்ளை மண்டியிட்டு, எழுத்தைத் தொடாமல் விரலைக் காற்றில் ஓட்டியபடி வாசித்தாள். புள்ளி இல்லாத எழுத்துகள். ஒரு சொல் பிடிபட்டதும் அடுத்தது தானாக வந்தது. அரை மணி நேரம் யாரும் பேசவில்லை.

முப்பரிமாண உருவம் செய்ய போட்டோகிராமெட்ரி என்று ஒரு முறை. பொருளைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுக்க வேண்டும். ஒரு படத்தில் தெரிவதில் மூன்றில் இரண்டு பங்காவது அடுத்த படத்திலும் தெரிய வேண்டும். இரண்டிலும் பொதுவாக உள்ள புள்ளிகளைக் கணினி கண்டுபிடித்து, கேமரா எங்கே நின்றது, பொருள் எவ்வளவு தள்ளி இருந்தது என்று கணக்குப் போட்டு உருவத்தைக் கட்டும். வெயில் சுள்ளென்று அடித்தால் நிழல் கெடுக்கும். சாரல் மேகம் மூடிய இன்றைய வெளிச்சம் இதற்கு அருமை. 160 படம் எடுத்தோம்.

திரும்பும் வழியில் பஸ்ஸில் சண்டை. தலைவர் யார், ராஜாவா டிலனாயா? எதிரியின் ஆளையே நம்பிப் படையை ஒப்படைத்தவர்தான் என்று ஒரு கட்சி. அதே ராஜாதானே தன்னை எதிர்த்த பிரபுக்களான எட்டு வீட்டில் பிள்ளைமாரைக் கொன்றொழித்தார் என்று மறுகட்சி. இரண்டையும் குறிப்பில் எழுதுங்கள் என்றேன். ஒன்றை மட்டும் எழுதினால் அது வரலாறு ஆகாது.

ஜூலை 8, செவ்வாய்

கல்லறையின் பின்பக்கம் ஓட்டையாக வந்திருக்கிறது. சுவரை ஒட்டிய பக்கத்தில் போதுமான படம் எடுக்கவில்லை. படங்களை உருவமாக்கும் மெஷ்ரூம் மென்பொருள் பள்ளி ஆய்வகக் கணினிகளில் முழுசாக ஓடாது, அதற்கு என்விடியா வரைகலை அட்டை வேண்டும். ஒரு மாணவியின் அண்ணன் விளையாட்டுக்கு வாங்கிய கணினியை இரவில் தருகிறான். மின்சாரம் போகாமல் இருக்க வேண்டும்.

ஜூலை 12, சனி

நேசமணிக்கு என்ன பொருள்? 1895இல் பள்ளியாடியில் பிறந்த வக்கீல். தமிழ்ப் பகுதிகள் தாய்த்தமிழகத்தோடு சேரப் போராடியவர். ஊருக்கு ஊர் சிலை இருக்கிறது, ஆனால் சிலை எங்கள் விதிக்குள் வராது.

நாகர்கோவிலில் வயதான ஒரு வக்கீலைப் பார்க்கப் போனோம். அந்தக் கால நீதிமன்றத்தில் உயர்சாதி வக்கீல்களுக்கு நாற்காலி, மற்றவர்களுக்குக் குட்டி முக்காலி. குடிதண்ணீருக்கும் தனித்தனிப் பானை. நேசமணி முக்காலிகளைக் காலால் உதைத்துத் தள்ளிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார் என்பது இங்கே எல்லாரும் அறிந்த கதை. அந்தப் பெரியவருக்கு அவருடைய அப்பா சொன்னது. “எவ்வளவு உசரம் இருக்கும் தாத்தா?” என்று கேட்டதும் குனிந்து, முழங்காலுக்குக் கீழே கையை வைத்துக் காட்டினார். “இதுல இருந்தா, நாற்காலில இருக்கவனுக்க தோளு வரைக்கும்தான் உன் தலை வரும் மக்கா. பேசணும்னா அண்ணாந்து பாக்கணும்.”

ஒரு பையனின் அப்பா ஆசாரி. பெரியவர் காட்டிய உயரத்தைத் தன் காலில் நூல் பிடித்து அளந்துகொண்டு போனான். பலா மரத்தில் அப்பா செய்து தருகிறாராம்.

இது ஏமாற்று ஆகாதா என்று பன்னிரண்டாம் வகுப்புப் பெண் கேட்டாள். அருங்காட்சியகத்தில் புதுச் சாமானை வைக்கலாமா? அரை நாள் விவாதம். கடைசியில் குறிப்பின் முதல் வரியே இப்படி இருக்கட்டும் என்று முடிவானது: ‘இது அந்த முக்காலி அல்ல. ஒருவர் கையால் காட்டிய உயரத்தில் 2025இல் செய்தது.’ பக்கத்தில் அதே அளவுகோலில் ஒரு நாற்காலி. பார்ப்பவர் முக்காலியில் ‘உட்கார்ந்தால்’ காட்சிக் கோணம் கீழே இறங்க வேண்டும், நாற்காலிக்காரரை அண்ணாந்துதான் பார்க்க முடிய வேண்டும். இது முழுக்கப் பிள்ளைகளின் யோசனை. நான் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை.

ஜூலை 26, சனி

1859இல் இதே நாளில்தான் தோள்சீலைப் பிரகடனம் வந்தது. தேதியை நான் திட்டமிடவில்லை, தானாக அமைந்தது.

ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மேலுடம்பை மூட உரிமை கேட்ட தோள்சீலைப் போராட்டத்துக்கு யாரைத் தலைவர் என்று போடுவது? ஏறக்குறைய நாற்பது ஆண்டு சந்தையிலும் வழியிலும் சேலையைக் கிழித்தார்கள், வீட்டைக் கொளுத்தினார்கள், அடுத்த நாளும் பெண்கள் மேலே போட்டுக்கொண்டு வந்தார்கள். பிள்ளைகள் கையில் இருப்பது ராஜா, திவான், ரெசிடென்ட் என்ற வெள்ளைக்காரப் பிரதிநிதி, மிஷனரிகள் பெயர்கள். அடிபட்டவர்கள் பெயர் பாடப்புத்தகத்தில் இல்லை. யோசித்துக்கொண்டே இருக்கையில் முளகுமூட்டுப் பிள்ளை மெதுவாகச் சொன்னாள்: “எங்க பாட்டிக்க ரேந்தைத் தலவாணி இருக்கு டீச்சர்.”

போனோம். ரேந்தை, அதாவது லேஸ், பின்னுவதற்கு என்றே இறுக்கி அடைத்த உருண்டைத் தலையணை. அதன்மேல் துளையிட்ட காகித மாதிரி, நிறையக் குண்டூசிகள், ஒவ்வொரு நூலின் நுனியிலும் தேய்ந்து வழவழப்பான ஒரு மரக்குச்சி. பாட்டியின் கண் எங்களைப் பார்க்கிறது, கை தன்பாட்டுக்குக் குச்சிகளை இடம் மாற்றுகிறது. மரத்தில் மரம் தட்டும் அந்தச் சத்தம், ஓலைக்கூரையில் மழை விழத் தொடங்குவது போல இருந்தது.

நாகர்கோவிலில் 1820களில் மிஷன் வீட்டு அம்மாக்கள் சொல்லிக்கொடுத்த தொழில் இது. பின்னிச் சம்பாதித்த காசைக் கொடுத்துத் தங்களை மீட்டுக்கொண்ட அடிமைப் பெண்களும் உண்டு. திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிந்தது 1855இல்தான். தோளில் சேலை போடக்கூடாது என்று சொல்லப்பட்ட ஊரில், பெண்கள் சீமைக்குப் போகும் மெல்லிய துணியைப் பின்னிக்கொண்டிருந்தார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

1859 பிரகடனத்தையும் முழுசாகப் படித்துக் காட்டினேன். மேலுடம்பை மூடலாம், ஆனால் உயர்சாதிப் பெண்கள் உடுத்தும் விதத்தில் கூடாது. கொடுத்ததிலும் ஒரு ‘ஆனால்’. பிள்ளைகள் அந்த ‘ஆனால்’ என்ற சொல்லைப் பெரிய எழுத்தில் போடப்போகிறார்கள்.

படம் எடுத்ததில் தலையணை வந்தது, ரேந்தை வரவில்லை. வெள்ளையில் வெள்ளை. ஒப்பிட்டுப் பார்க்கக் கணினிக்குப் புள்ளியே கிடைக்கவில்லை. அடியில் பாட்டியின் கறுப்புக் குடைத்துணியை விரித்து மறுபடி எடுத்தோம். கட்டஞ்சாயா குடித்துவிட்டுத் திரும்பினோம்.

ஆகஸ்ட் 2, சனி

“அய்யன்காளியை ஏன் விட்டுட்டோம்? அவரும் நம்ம திருவிதாங்கூர்க்காரர்தானே” என்று கேட்டது பாறசாலையில் அத்தை வீடு இருக்கும் பையன். நான் விட்டது என் தவறு. அவர் கேரளத்துத் தலைவர் என்று என் மனசுக்குள் ஒரு கோடு கிடந்திருக்கிறது. 1893இல் அவர் வெங்ஙானூரில் வெள்ளை வேட்டியும் தலைப்பாகையுமாக வில்வண்டியில் ஏறி, தாழ்த்தப்பட்டவர்கள் நடக்கவே கூடாத பொதுச்சாலையில் ஓட்டியபோது அந்தக் கோடு எங்கே இருந்தது?

எல்லையைக் கடந்து ஊரூட்டம்பலம் போனோம். பஞ்சமி என்ற புலையர் சிறுமியை அய்யன்காளி கைப்பிடித்து அழைத்துக்கொண்டு வந்த பள்ளிக்கூடம். அவள் உட்கார்ந்தாள் என்பதற்காகப் பள்ளியைக் கொளுத்தினார்கள். தீயில் மிஞ்சிய பெஞ்சை இன்றும் பாதுகாக்கிறார்கள். பள்ளிக்கு இப்போது அய்யன்காளி பஞ்சமி பெயர்தான். எங்கள் பிள்ளைகளுக்கு மலையாளம் பேச வரும், வாசிக்கத் திணறும். அங்குள்ள பிள்ளைகள் வாசித்துச் சொன்னார்கள். கரிந்த மரத்தை யாரும் தொடவில்லை.

பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காவிட்டால் வயலில் இறங்கமாட்டோம் என்று எழுதப் படிக்கத் தெரியாத ஒரு மனிதர் வேலைநிறுத்தம் நடத்திய கதையைத் திரும்பும் வழியில் சொன்னேன். ஆசாரி மகன் கேட்டுக்கொண்டே வந்தவன், திடீரென்று சொன்னான்: “வண்டி, பெஞ்சு, முக்காலி. எல்லாமே இருக்கதுக்குள்ள சாமானம் டீச்சர்.” எங்கள் ஊர்ப் பேச்சில் இருப்பது என்றால் உட்காருவது. எனக்குத் தோன்றாதது அவனுக்குத் தோன்றியது.

ஆகஸ்ட் 11, திங்கள்

1954 ஆகஸ்ட் 11. மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் தமிழர் போராட்டத்தின்மேல் போலீஸ் சுட்ட நாள். அந்த ஆண்டுத் தேர்தலில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் 12 இடம் வென்றிருந்தது. 1956 நவம்பர் 1இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டையில் ஒரு பகுதி, இவ்வளவும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. கேட்டவற்றில் நெய்யாற்றின்கரை, தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் அந்தப் பக்கமே நின்றன. பத்மநாபபுரம் அரண்மனை நம் மண்ணில் இருந்தாலும் கேரளத் தொல்லியல் துறை பார்த்துக்கொள்கிறது.

இன்று நடந்த பெரிய வாதம் வரைபடத்தில் எல்லைக்கோடு போடுவதா வேண்டாமா என்பது. புதுக்கடைப் பிள்ளைக்குக் கோடு வேண்டும். அதற்காகத்தான் ஆட்கள் செத்தார்கள் என்றாள், கண் கலங்கி. பாறசாலை அத்தைவீட்டுப் பையனுக்குக் கோடு வேண்டாம். இரண்டு பேரும் சொல்வது சரிதான், என்னால் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. கடைசியில் வரைபடத்துக்குக் கீழே ஆண்டுகளை நகர்த்தும் ஒரு பட்டை வைத்தார்கள். 1741லிருந்து இழுத்துக்கொண்டு வந்தால் ஒவ்வொரு பொருளாக ஒளிரும். 1956 வரும்போதுதான் கோடு விழும். வில்வண்டிக்கும் முக்காலிக்கும் நடுவே அது விழுவதைப் பார்த்து வகுப்பு அமைதியானது.

ஆகஸ்ட் 16, சனி

மாத்தூர் தொட்டிப்பாலம். காமராஜர் ஆட்சியில் தீட்டிய திட்டம், 1966இல் முடிந்தது. பறளியாற்றுக்கு மேல் 115 அடி உயரத்தில், பட்டணங்கால் கால்வாயின் தண்ணீர் ஒரு குன்றிலிருந்து எதிர்க் குன்றுக்குப் போகிறது. இவ்வளவு பெரியதைச் சுற்றி வந்து எடுக்க வழியில்லை, நடுவில் நின்று 360 பாகைப் படம் மட்டும் எடுத்தோம்.

மாலையில் கோப்புகளின் எடை குறைப்பு. ரேந்தைத் தலையணை உருவத்தில் இருபது லட்சம் முகங்கள் (உருவத்தை ஆக்கும் குட்டித் தளத்துண்டுகள்), சாதாரண போனில் திறக்கவே இல்லை. பிளெண்டர் மென்பொருளில் ஒரு லட்சமாக்கினால் குண்டூசிகள் மறைந்துவிடுகின்றன. ஊசி தெரியும் வரை கூட்டி, மூன்று லட்சத்தில் நிறுத்தினார்கள்.

ஆகஸ்ட் 30, சனி

திறப்பு விழா எதுவும் வைக்கவில்லை. முதலில் யாருக்குக் காட்டுவது என்று கேட்டபோது, பாட்டிக்கு என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

முளகுமூட்டுத் திண்ணையில் பேத்தி போனைப் பிடித்துக்கொண்டாள். பாட்டி முதலில் முக்காலி அறைக்குள் போய், “இதுலயா இருத்தினானுவ?” என்று கேட்டார். பெஞ்சின் முன்னால் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு தலையணை வந்தது. விரலால் அதைத் திருப்பக் கற்றுக்கொடுத்ததும் பாட்டியே திருப்பினார், பெரிதாக்கினார், உதட்டை அசைத்து எண்ணத் தொடங்கினார்.

“இது எனக்க தலவாணிதானா? ரெண்டு சோடிக் குச்சி கொறயுதே.”

பேத்தி படங்களைத் திறந்து பார்த்தாள். அன்றைக்குக் கறுப்புத்துணி விரிக்கும்போது நான்கு குச்சிகள் தலையணைக்கு அடியில் நழுவியிருக்கின்றன. ஒரு படத்திலும் அவை விழவில்லை. பாட்டி எழுந்து உள்ளே போய்த் தலையணையைத் தூக்கிக்கொண்டு வந்து வெளிச்சத்தில் வைத்தார். கொல்லங்கோட்டுப் பையன் குடைத்துணியைத் தேடப் போயிருக்கிறான். நாங்கள் மறுபடி படம் எடுக்கிறோம்.