பதினொன்று புள்ளி நான்கு

வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் வந்தபோது பட்டறையில் இருந்தேன். பத்துப் பன்னிரண்டு பக்கம். எதுவும் புரியவில்லை, சிவப்பு எழுத்து மட்டும் கண்ணில் பட்டது. ஹெச்எஸ் சிஆர்பி 11.4. பக்கத்திலேயே ஒரு கட்டம்: 1க்குக் கீழே என்றால் இதய நோய் அபாயம் குறைவு, 1 முதல் 3 வரை நடுத்தரம், 3க்கு மேல் அதிகம். மூன்றுக்கே அதிகமென்றால் பதினொன்றுக்கு என்ன பெயர்?

எனக்கு வயது 46. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் சின்னதாக ஒரு கொலுசுப் பட்டறை. அப்பா 52 வயதில் மாரடைப்பில் போனவர். அந்த வயது நெருங்க நெருங்க மனைவியின் நச்சரிப்பு தாங்காமல்தான் வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கும் ஒரு லேபில் பேக்கேஜ் போட்டோம். அதற்கு முந்தைய நாள் ஞாயிறு. நண்பர்களோடு ஏற்காடு போய், இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்து, அடிவாரத்தில் பரோட்டாவும் மட்டனும் சாப்பிட்டபோது இரவு பத்தரை. கூடவே பீரும் உண்டு, மறைப்பானேன். காலை ஆறரைக்கு ரத்தம் எடுக்க வந்த பையன் "பாஸ்டிங்கா சார்?" என்றான். ஆமாம் என்றேன். எட்டு மணி நேரம்தான் ஆகியிருந்தது.

அன்று இரவு தூக்கம் இல்லை. பக்கத்துப் பட்டறைக்காரர் உடனே ட்ரோபோனின் எடுங்கள் என்றார். இன்னொருவர் நேராக ஆஞ்சியோ என்றார். மறுநாள் ஐந்து ரோடு பக்கம் ஒரு மருத்துவரைப் பார்த்தேன். அவர் ரிப்போர்ட்டைத் திறக்கும் முன்பே கேட்டது: "போன ரெண்டு வாரத்துல காய்ச்சல், சளி, பல்வலி ஏதாவது?"

கடைவாய்ப் பல் ஈறு வீங்கிப் பத்து நாளாகக் கிராம்பு வைத்துக்கொண்டிருந்தேன். அதைப் போய் இதய டாக்டரிடம் சொல்வதா என்று சும்மா இருந்திருக்கிறேன்.

சிஆர்பி என்பது உடம்பில் எங்கே அழற்சி இருந்தாலும் கல்லீரல் சுரந்துவிடும் ஒரு புரதம். ஈறு வீங்கினாலும் ஏறும், காய்ச்சலுக்கும் ஏறும். ஹெச்எஸ் என்பது அதே புரதத்தை மிகக் குறைந்த அளவிலும் துல்லியமாக அளக்கும் முறை, அவ்வளவுதான். பத்துக்கு மேல் வந்தால் அதை இதயக் கணக்கில் சேர்க்கவே கூடாது, உடம்பு சரியானபின் இரண்டு மூன்று வாரம் விட்டுத் திரும்ப எடுக்க வேண்டும் என்றார். ட்ரோபோனின் பற்றிக் கேட்டேன். இதயத் தசை சேதமானால் ரத்தத்தில் கசிவது அது. நெஞ்சுவலியோடு வருபவருக்குப் பார்ப்பது, வருங்காலத்துக்கு ஜாதகம் பார்க்க இல்லையாம்.

அப்புறம் அவர் நான் கவனிக்காத பக்கத்துக்குப் போனார். மொத்தக் கொழுப்பு 228. நல்ல கொழுப்பான ஹெச்டிஎல் 36. ஆண்களுக்கு 40க்காவது மேலே இருக்க வேண்டும். ரத்தத்தில் ஓடும் இன்னொரு கொழுப்பான ட்ரைகிளிசரைடு 236, 150க்குள் இருக்க வேண்டியது. கெட்ட கொழுப்பான எல்டிஎல் 145. இந்த எல்டிஎல்லை லேபில் அளக்கவே இல்லை என்றதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மொத்தக் கொழுப்பில் ஹெச்டிஎல்லைக் கழித்து, ட்ரைகிளிசரைடை ஐந்தால் வகுத்து அதையும் கழித்தால் மிச்சம்தான் எல்டிஎல். 1972இல் வந்த ஃப்ரீட்வால்ட் சூத்திரம், இன்றும் பல லேபில் இதுதான். பில் புத்தகத்தின் பின்பக்கம் போட்டுப் பார்த்தேன், சரியாக வந்தது. ட்ரைகிளிசரைடு 400ஐத் தாண்டினால் இந்தக் கணக்கு செல்லாது, நேரடியாக அளக்க வேண்டும்.

பல் டாக்டரிடம் காட்டி மருந்து சாப்பிட்டு, நான்கு வாரம் கழித்து மறுபடி எடுத்தோம். இந்த முறை இரவு ஏழரைக்கே சாப்பாடு, அதன்பின் தண்ணீர் மட்டும். தட்டுவடை செட்டை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. சிஆர்பி 1.8. ட்ரைகிளிசரைடு 168. ஆனால் எல்டிஎல் 150 என்று ஏறியிருந்தது! பத்தியம் இருந்ததற்குப் பரிசா இது என்று கடுப்பானேன். மருத்துவர் சிரித்தார். ட்ரைகிளிசரைடு குறைந்ததால் கழிப்பதும் குறைந்தது, கணக்கில் எல்டிஎல் கொஞ்சம் ஏறும். நாலைந்து புள்ளி நாளுக்கு நாள் தானாகவே மாறும். மொத்தக் கொழுப்பில் ஹெச்டிஎல்லை மட்டும் கழித்துப் பாருங்கள் என்றார். முதல் தடவை 192, இப்போது 184. ரத்தக்குழாயில் படியக்கூடிய கொழுப்பு அத்தனையும் அதில் அடக்கம். அது 130க்குக் கீழே இருப்பது நல்லது. முந்தின நாள் பரோட்டா ட்ரைகிளிசரைடைத்தான் பெரிதாக ஏற்றும், இதை அவ்வளவாக அசைக்காது. ஆக, நான் பயந்த எண் பல்லுடையது. பயப்படாமல் விட்ட எண்தான் என்னுடையது.

இன்னொன்றும் எழுதித் தந்தார், பேக்கேஜில் இல்லாதது: லிப்போபுரோட்டீன் ஏ. எல்டிஎல் மாதிரியே ரத்தக்குழாயில் படியக்கூடிய ஒரு கொழுப்புத் துகள். அப்பா 52 வயதில் போனார் என்று சொன்னதால் கேட்டது. இது பெரும்பாலும் பரம்பரையாக வருவது. சாப்பாடு, நடை எதுவும் பெரிதாகக் குறைக்காது. வாழ்நாளில் ஒருமுறை பார்த்தால் பெரும்பாலும் போதும். டெசிலிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் என்றால் அதிகம். எனக்கு 74. (அலகைப் பார்க்க வேண்டும். சில லேபில் இதையே நானோமோல் கணக்கில் தருவார்கள், எண் இரட்டிப்புக்கும் மேலே தெரியும். சிஆர்பியும் அப்படித்தான்: டெசிலிட்டருக்கு 1 மில்லிகிராம் என்றால் லிட்டருக்கு 10 மில்லிகிராம். இரண்டு லேப் ரிப்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துப் பதறியவர்களை எனக்குத் தெரியும்.)

லிப்போபுரோட்டீன் ஏவைக் குறைக்க, கொழுப்புக்குத் தரும் ஸ்டாட்டின் மாத்திரையால் முடியாது. அதனால்தான் குறைக்க முடிந்த எல்டிஎல்லை நன்றாகவே குறைத்துவிடலாம் என்று ரோசுவாஸ்டாட்டின் 10 மில்லிகிராம் எழுதினார். மூன்று மாதம் கழித்து மொத்தம் 148, எல்டிஎல் 78. கல்லீரலுக்கான எஸ்ஜிபிடியும் பார்த்தார், அது சரியாகவே இருந்தது.

கூடப் பிறந்தவர்களும் அந்த லிப்போபுரோட்டீன் ஏ டெஸ்ட்டை எடுக்க வேண்டும் என்று சொல்லியனுப்பினார். தம்பியிடம் சொன்னேன். "ஆடி முடியட்டும்ண்ணா" என்றான். கோட்டை மாரியம்மன் பண்டிகை முடிந்தது. இப்போது தீபாவளி ஆர்டர் முடியட்டும் என்கிறான்.